கோவிவனும் காளியும்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் பூமியைப் பற்றி நம்முடைய சரித்திர நாவல்கள் பேசும்போது கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தோடு நின்று விடுகின்றன. ராஜேந்திரன் கட்டிய தலைநகரம் அல்லவா? அதைப் பார்த்த கண் வேறொன்றையும் பாராது. ஆனால் அந்த விமானத்தின் நிழலை விட்டு மேற்கே நடந்து பாருங்கள். ஜயங்கொண்டத்துச் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் வரும். பிறகு அரியலூரின் சுண்ணாம்புக் கல் பூமி. அதற்கும் அப்பால் பெரம்பலூர்க் கரிசல். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், இடையிடையே கருவேலும் காரையும் சூரையும் மண்டிய புதர்க்காடு, தூரத்தில் பச்சைமலை. வயலும் வாய்க்காலுமாக இருக்கும் சோழ நாட்டை நினைத்துக்கொண்டு வருகிறவன் இங்கே ஏமாந்து போவான். இது ஆட்டின் ராஜ்யம்.

சர்க்கார் இந்தப் பூமியை 1995-ல் திருச்சியிலிருந்து பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் என்றார்கள். 2001-ல் அரியலூரைத் தனியே பிரித்தார்கள். மறு வருஷமே ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆடுகள் இது ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. திருச்சிக் கறுப்பு என்று கால்நடை இலாகாக்காரர்கள் சொல்லும் கறுப்புக் கம்பளியாட்டுக்கு இரண்டு மாவட்டமும் ஒரே மேய்ச்சல்தான்.

ஆடு இருக்கிற இடத்தில் நாய் இருக்கும். புதர் இருக்கிற இடத்தில் முயல் இருக்கும். முயல் இருந்தால் அங்கேயும் ஒரு நாய் இருக்கும். முதல் நாய் வேறு, இரண்டாவது நாய் வேறு. இந்த இரண்டில் எதை வளர்ப்பது என்ற கேள்வி இந்தச் சீமையில் இன்றைக்கும் திண்ணைக்குத் திண்ணை கிளம்புகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துச் சரித்திரம் இதற்கு உண்டு என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக் கூடும். இரண்டு கற்களைக் காட்டுகிறேன், பிறகு சிரிக்கலாம்.

முதல் கல் திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்தது. எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அந்தப் பக்கமெல்லாம் நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது, டாக்டர் இரா. நாகசாமி பதிப்பித்தார். அவற்றில் பெரும்பாலானவை மாடு பிடிச் சண்டையில் செத்தவர்களின் கற்கள். அந்நாளில் செல்வம் என்றால் மாடு. ராத்திரியில் வந்து ஓட்டிக்கொண்டு போனவன் ஒரு வீரன். துரத்திப் போய் மீட்டவன் ஒரு வீரன். இருவரில் எவன் செத்தாலும் ஒரு கல்.

எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்லில் மகேந்திரன் செய்த விசித்திரங்களை நாம் அறிவோம். அந்த மகா ராஜாவின் பெயரைத் தலையில் தாங்கிக்கொண்டு இந்தக் கல் சொல்வது யாருடைய கதையை? பொற்றொக்கையார் என்பவரின் சேவகன் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர் விட்டான். இதோடு முடிந்திருந்தால் நூற்றில் ஒரு கல் என்று விட்டுவிடலாம். கல் வெட்டியவன் விடவில்லை. பக்கத்தில் இன்னொரு வரி வெட்டினான். கோவிவன் என்னும் பெயருடைய நாய், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று. நாயின் உருவத்தையும் வீரனுக்குப் பின்னால் செதுக்கினான்.

அந்த இடத்தில் கல் உபயோகிக்கும் சொல் 'காத்திருந்தவாறு' என்பது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு மோகம். காவல் காத்தது என்றும் அர்த்தம். எழுந்திருக்க மாட்டாத எஜமானன் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது என்றும் எனக்கு அர்த்தமாகிறது. இலக்கண பண்டிதர்கள் இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

இரண்டாவது கல் கன்னட தேசத்தது. மாண்டியா மாவட்டத்து ஆதகூர் என்ற ஊரில் இருந்து இப்போது பெங்களூர் அருங்காட்சிச் சாலையில் இருக்கிறது. ஆனால் அதன் கதை நம்முடைய கதை. கி.பி. 949-ல் தக்கோலத்தில் நடந்த யுத்தத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பராந்தக சோழனின் மூத்த குமாரன் ராஜாதித்தன் யானையின் மேல் இருந்தபடியே உயிர் துறந்த களம் அது. எதிரே ராஷ்டிரகூடச் சக்கரவர்த்தி மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக மைத்துனன் கங்க நாட்டுப் பூதுகன். ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன்தான். சோழர் எழுந்திருக்க வெகு காலம் ஆயிற்று.

அந்தக் களத்தில் பூதுகனின் சேவகன் மணலேரன் என்பவன் பிரமாதமாகச் சண்டை போட்டான். எஜமானன் மகிழ்ந்து, "என்ன வேண்டுமோ கேள்" என்றான். ஊர் கேட்டிருக்கலாம், பொன் கேட்டிருக்கலாம். மணலேரன் ஒரு நாயைக் கேட்டான். காளி என்பது அதன் பெயர். பூதுகன் கொடுத்தான். பிறகு ஒரு நாள் மலைச்சரிவில் ஒரு பெரிய காட்டுப் பன்றியின் மேல் காளியை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றை ஒன்று கொன்று தீர்த்தன. மணலேரன் ஆதகூர்ச் சிவன் கோயிலுக்கு எதிரே கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் முட்டிக்கொண்டு நிற்பதைக் கல்லின் தலையில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு நிபந்தனையும் உண்டு: அந்த நிலத்தை அனுபவிக்கும் பூசாரி, கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால், நாய் செய்த பாவமெல்லாம் அவன் தலையில். நாய் என்ன பாவம் செய்திருக்கும் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஆக, கோவிவன் ஒரு பட்டி நாய். காளி ஒரு வேட்டை நாய். இரண்டும் செத்த பிறகும் கல்லில் நிற்கின்றன. வித்தியாசத்தைக் கவனியுங்கள். காளி ராஜ பரிசு. கேட்டு வாங்கிய பொருள். அதன் பேரில் நில மானியம். கோவிவனின் எஜமானன் ஒரு சேவகன். நாய் எங்கிருந்து வந்தது, எவர் கொடுத்தார் என்று யாரும் எழுதவில்லை. அது அங்கே இருந்தது; கடித்தது; அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் அதற்குப் பிறகும் மாறவில்லை. வேட்டை நாய்க்கு ஊர் உண்டு, குலம் உண்டு, புகழ் உண்டு. ராஜபாளையம் என்கிறோம், சிப்பிப்பாறை, கோம்பை என்கிறோம். கறுப்பு உடம்பில் செம்மை படர்ந்த கன்னி என்கிறோம். அந்நாளைய ஆங்கிலேய நாய்ப் பிரியர்கள் தென்னாட்டு வேட்டை நாய்க்குப் 'பாளிகர் ஹவுண்ட்' என்று பெயரிட்டார்கள். பாளையக்காரன் நாய் என்று அர்த்தம். பாளையக்காரர்கள் வளர்த்தார்கள், பெருமைப்பட்டார்கள், வெளியே கொடுக்க மனசில்லாமல் காப்பாற்றினார்கள். அதனால் ஜாதி நின்றது. 2005-ல் இந்தியத் தபால் இலாகா நான்கு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய். மூன்று வேட்டை நாய்க்கு ஒரு மந்தை நாய்! புகழின் கணக்கு இதுதான். ராமநாதபுரத்துப் பக்கத்தில் மந்தை நாய் என்று பெரிய உடம்பு நாய் ஒன்றைச் சொல்வார்கள். அது ஒன்றை விட்டால் நம் ஆட்டுக்காரர்களின் நாய்க்கு 'நாட்டு நாய்' என்பதைத் தவிர வேறு பட்டம் கிடையாது.

அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்கள்தானே, அங்கே ஏன் ஒரு ஜாதி நாய் உருவாகவில்லை என்று ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. உடையார்பாளையத்து ஜமீன்தார்களைப் பற்றி உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்கள் சங்கீத வித்துவான்களை ஆதரித்தவர்கள். எல்லா ஜமீனும் எல்லாவற்றையும் வளர்க்க முடியாது.

சங்க காலத்துக்குப் போனால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் முயல் வேட்டை ஒன்றைக் காட்டுகிறார். வறண்ட காட்டு வழி. கானவர்கள் புதர் ஓரமாக வலையை வேலி போல் வரிசையாகக் கட்டுகிறார்கள். பிறகு ஞமலிகளை, அதாவது நாய்களை, விட்டுப் புதரைக் கலைக்கிறார்கள். நீண்ட காதுடைய முயல் தப்ப வழியில்லாமல் வலையில் விழுகிறது. இதே வேட்டையைப் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிழவர்கள் தங்கள் இளமைக் காலக் கதையாக எனக்குச் சொன்னார்கள். வலை, புதர், நாய், முயல், எல்லாம் அப்படியே. இரண்டாயிரம் வருஷத்தில் நூல் வலை நைலான் வலை ஆயிற்று. வேறு மாறுதல் இல்லை.

சரி, இடையன்? இடைக்காடனார் நற்றிணையில் பாடிய இடையனைப் பாருங்கள். கார் காலத்துக் கடைசி மழை. தூறல் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. கோலை ஊன்றி அதன் மேல் ஒரு காலை வைத்து ஒடுங்கி நிற்கிறான். நாக்கை மடித்துச் சீழ்க்கை அடிக்கிறான். அந்த ஒலியில் ஆட்டு மந்தை பயமில்லாமல் தங்கிக் கிடக்கிறது. அந்தச் சித்திரத்தில் உறி இருக்கிறது, தீக்கடைகோல் இருக்கிறது, ஓலைப் பாய் இருக்கிறது. நாய் இல்லை. வேட்டுவனுக்கு நாய், இடையனுக்குச் சீழ்க்கை.

இதை வைத்துக்கொண்டு இடையர்களிடம் நாயே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் ஓர் உண்மை இதில் ஒளிந்திருக்கிறது. நம் நாட்டில் ஆட்டை நடத்துவது நாயின் வேலை அன்று, மனிதனின் வேலை. கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் ராமநாதபுரத்துக் கீதாரிகளோடு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். நாக்கை மடித்து அடித்த ஒரு சீழ்க்கையில் நானூறு ஆடும் தலையைத் திருப்பின. இடைக்காடனார் எழுந்து வந்திருந்தால் தம் பாட்டைத் திருத்த வேண்டியிருந்திராது. நாய்கள் இரண்டும் அந்த நேரத்தில் என்ன செய்தன? ஒன்று தூங்கியது. மற்றொன்று என் செருப்பை மோந்தது. இருட்டிய பிறகுதான் அவை எழுந்தன. மந்தையை மூங்கில் படலுக்குள் அடைத்ததும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே போய்ப் படுத்தன. எந்தப் பக்கம் சருகு அசைந்தாலும் குரைப்பு.

சீமையில் இருக்கிற ஆட்டு நாய் வேறு வகை. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள குன்றுகளில், ஒரே ஓர் இடையனின் ஆடுகள் மைல் கணக்கில் சிதறி மேயும். அவன் ஒரு மேட்டில் நின்று சீழ்க்கை அடிப்பான்; சீழ்க்கை ஆட்டுக்கு அல்ல, நாய்க்கு. நாய் போய் வளைத்துத் திரட்டிக் கொண்டு வரும். 1893-ல் நார்தம்பர்லாண்டில் ஆடம் டெல்பர் என்ற குடியானவரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற நாய்தான் இன்றைய பார்டர் காலிகளுக்கெல்லாம் பாட்டன் என்பார்கள். அது குரைக்காதாம், கடிக்காதாம், கண்ணால் முறைத்தே ஆட்டை நகர்த்துமாம்.

இந்த முறைப்பைப் பற்றி நாய் சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லும் விளக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. ஓநாய் வேட்டையாடுவதைப் படிகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் இரையைக் கண்ணால் குத்தி நிற்கும், பிறகு பதுங்கி நெருங்கும், பிறகு துரத்தும், பிறகு பிடிக்கும், கடைசியில் கொல்லும். சீமை ஆட்டு நாயிடம் முதல் மூன்று படிகளை வளர்த்து, கடைசி இரண்டையும் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். அதாவது, காலி என்பது முடிவில்லாத ஒரு வேட்டை! நம் சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் வேட்டையாடும் ஜாதி. அவற்றிடம் துரத்துவதும் பிடிப்பதும் முழு வீச்சில் இருக்கின்றன. ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட தாடை. பாய்ந்து ஓடும்போது ஒரு வீச்சுக்குள் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும். அசைகிற எதுவும் அதன் கண்ணுக்கு இரை. காவல் நாயிடமோ இந்தப் படிகளில் ஒன்றுமே வலுவாக இருக்கக் கூடாது. ஆட்டைக் கண்டால் அதற்கு ஆர்வமே பிறக்கக் கூடாது. திருமானூரில் என் செருப்பை மோந்த நாயின் மேன்மை அதுதான் என்று பிற்பாடு எனக்கு விளங்கியது.

வேட்டை நாயின் பொற்காலம் 1972-ல் முடிந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலும் மானும் பன்றியும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் போயின. பெரம்பலூர்ப் பக்கம் வெண்பாவூர் முதலிய காப்புக் காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் குட்டைகள் வற்றும்போது அவை தண்ணீர் தேடி ஊருக்குள் வருகின்றன. நாய்கள் துரத்திக் கடித்து மாள்கின்றன. சில கிணற்றில் விழுகின்றன. அந்தச் சீமையில் ஒரு வேட்டை நாயை அவிழ்த்து விடுவது எஜமானனுக்கே ஆபத்து. நாயைக் கூட்டிக்கொண்டு முயல் பிடிக்கப் போய் வனத்துறையிடம் அபராதம் கட்டிய கதைகள் பத்திரிகையில் வராத மாதமில்லை.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்ற பழமொழி சிப்பிப்பாறைக்கு அநியாயமாகப் பொருந்திப் போயிற்று. ஓடவே பிறந்த பிராணியைத் திருச்சியிலும் சென்னையிலும் மாடி வீட்டு வராந்தாவில் கட்டிப் போடுகிறார்கள். தேசம் முழுவதும் இப்போது அவற்றுக்கு நல்ல பெயர். 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரியே வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி. நல்லதுதான். ஜாதி அழியாமல் இருக்கட்டும். ஆனால் புகழ் ஏறியதும், ஆட்டுக்காரனும் அதையே வாங்கப் புறப்பட்டு விடுகிறான்.

குன்னம் பக்கத்தில் என் தங்கையின் புருஷன் அப்படித்தான் புறப்பட்டார். நாற்பத்தைந்து ஆடு வைத்திருந்தார். கறுப்பாடு பாதி, வெள்ளாடு பாதி. ஒரு மாசி மாதத்து விடியற்காலையில் பட்டிக்குப் போனவர் ஒன்பது ஆடுகள் கழுத்துக் கிழிந்து கிடப்பதைப் பார்த்தார். நரியல்ல, சிறுத்தையல்ல, ஊர் நாய்கள். முள்வேலியைத் தாண்டி உள்ளே வந்தவை தின்னவும் இல்லை. கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன. பயத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கியவை வேறு. மகளின் காலேஜுக்கு இரண்டாம் வருஷத்துச் சம்பளம் அந்தப் பட்டியில்தான் நின்றுகொண்டிருந்தது.

இது அவருக்கு மட்டும் வந்த கஷ்டமல்ல. 2024-லும் 2025-லும் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் நாய் கடித்துச் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கருந்தேவக்கத்தியின் காலத்தில் பட்டிக்கு எதிரி கள்ளன். நம் பாட்டனார் காலத்தில் நரி. இப்போது எதிரியும் நாய், காவலும் நாய்!

தங்கை புருஷன் டெலிபோனில் சொன்னார்: "மச்சான், சிப்பிப்பாறைக் குட்டி ஒண்ணு வருது. கோவில்பட்டிப் பக்கத்துலேருந்து. ஓட்டத்துல அதை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஊரு நாய் ஒண்ணு பட்டிப் பக்கம் தலைகாட்டாது, பாருங்க."

"மாப்பிள்ளை, அது ஊர் நாயைத் துரத்தி அரை மைல் போயிடும். அந்த அரை மைல் நேரத்துக்குப் பட்டியிலே யாரு இருப்பா?"

"திரும்பி வந்துடும்ல?"

"வரும். வரும்போது வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு துள்ளிக்கிட்டு ஓடும். அதைப் பார்க்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் உற்சாகமாகிக் கோவிவன் கதையைச் சொன்னேன். காளியின் கதையையும் சொன்னேன். ஆட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"மச்சான், அந்தக் கல்லுல நாயோட பேரு இருக்குன்னீங்க. என்ன ஜாதின்னு இருக்கா?"

இல்லை. பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது, ஜாதி இல்லை. கோவிவன் வேட்டைக்குப் போகிற நாயாகவே இருந்து, அன்று ராத்திரி பட்டியில் படுத்திருக்கலாம். கல்லைக் கொண்டு ஜாதியைத் தீர்மானிக்க முடியாது என்பதை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் நிலைநாட்டிவிட்டார். இத்தனை வருஷம் அந்தக் கல்லைப் பற்றி யோசித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை.

ஜாதி அல்ல என்றால் வேறு எது? சார்லஸ் டார்வின் 'பீகிள்' கப்பலில் தென் அமெரிக்காவுக்குப் போனபோது, 1833-ல், இன்று உருகுவே என்று சொல்லும் தேசத்தில் ஆட்டு நாய்களைப் பார்த்து அதிசயித்தார். வீட்டுக்கும் மனிதனுக்கும் வெகு தூரத்தில் பெரிய மந்தை ஒன்று மேய்கிறது; ஒன்றிரண்டு நாயைத் தவிரக் காவல் இல்லை. இது எப்படி என்று விசாரித்து எழுதி வைத்தார். குட்டியை மிகச் சிறிய வயதிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை தாயாட்டைப் பிடித்து நிறுத்தி அதன் மடியில் பால் குடிக்க விடுவார்களாம். பட்டிக்குள் கம்பளி மயிரால் படுக்கை. மற்ற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் சேர விடுவதில்லை. வளர்ந்த பிறகு அந்த நாய்க்கு மந்தைதான் குடும்பம். தினம் ஒரு முறை வீட்டுக்கு வந்து இறைச்சித் துண்டு வாங்கிக்கொண்டு ஓடும். வெட்கப்படுகிற மாதிரி ஓடும் என்கிறார் டார்வின். வீட்டு நாய்கள் குரைத்துக்கொண்டு துரத்தும். மந்தையை எட்டும் வரையில் கோழை. எட்டியதும் திரும்பி நின்று குரைக்கும். அந்த க்ஷணமே துரத்தி வந்தவை ஓட்டம் பிடிக்கும்.

இந்த நூற்றாண்டுக்குச் சற்று முன்னால், 1970-களில் தொடங்கி, அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் காலேஜைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் காவல் நாய்களைக் கொண்டு வந்து பண்ணைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதும் ஏறக்குறைய இதுதான். பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையில் ஒரு குட்டி எதனோடு வாழ்கிறதோ, அதுவே அதற்கு உறவு. அதற்கு மேல் காலம் கடந்துவிடும். பரம்பரை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. துரத்துகிற ரத்தத்தைக் கொண்டுவந்து பட்டியில் போட்டால் வளர்ப்பு மட்டும் காப்பாற்றாது. ஆனால் நல்ல ரத்தமும் மாடி வராந்தாவில் வளர்ந்தால் பட்டிக்கு உதவாது.

கீதாரிகள் டார்வினைப் படித்ததில்லை. அவர்களுடைய நாய் வயலோரத்தில், கிடையின் நடுவிலேயே குட்டி போடுகிறது. குட்டி கண் திறக்கும்போது எதிரே தெரிவது ஆட்டின் கால். தமிழில் பட்டி என்றால் ஆட்டைக் கட்டும் இடம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இதில் மொழி நூல் எதுவும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தங்கை புருஷன் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "நாட்டு நாயைத்தானே ஒன்பது ஆட்டைக் கொல்லப் பார்த்தேன், அதையே கொண்டு வந்து வெக்கச் சொல்றீங்களா?" என்றார். அதுவும் நியாயம். பட்டியைக் காக்கிற நாய்க்கும் பட்டியை அழித்த நாய்க்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம். முகத்தில் எழுதி ஒட்டாத குணத்தை நம்பி மகளின் படிப்பை ஒப்படைப்பது லேசான காரியமா? சிப்பிப்பாறைக்காவது விலைச்சீட்டு இருக்கிறது.

கடைசியில் என் பேச்சைக் கேட்டு அல்ல, பணத்தைக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்தார் என்று நினைக்கிறேன். திருமானூர் வழியாகத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்த ஒரு கீதாரியிடம் ஆறு வாரத்துக் குட்டிகள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று ஆண், ஒன்று பெண், வெவ்வேறு ஈற்று. கீதாரி காசு வாங்கவில்லை. "ஆட்டோட விடு, வீட்டோட விடாதே, புள்ளைங்களைத் தூக்க விடாதே" என்று மூன்று உத்தரவு மட்டும் போட்டாராம். சிப்பிப்பாறைக்கென்று எடுத்து வைத்த பணத்தில் வேலிக்குக் கம்பி வலை வாங்கினார். அது புத்திசாலித்தனம். கால்நடை ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசிக்கும் தேதி வாங்கி வைத்தார்.

மூன்று உத்தரவில் முதல் இரண்டு சுலபம். மூன்றாவதைக் காப்பாற்றத் தங்கை பட்ட பாடு சொல்லி முடியாது. நாய்க்குட்டியைத் தூக்காதே என்று ஏழு வயதுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். ஆடுகளும் முதலில் வரவேற்கவில்லை. கிழட்டுப் பெட்டையாடு ஒன்று ஆண் குட்டியை முட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது நாலு மாதம் ஆகியிருந்தது. அதே கிழட்டு ஆட்டின் முதுகில் தலையை வைத்து அந்த நாய் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு எழுந்தது, ஓடி வரவில்லை, பட்டியின் வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டு குரைத்தது. குரைத்துக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுவதும் இப்படித்தான் என்றும், அடுத்த கொல்லைக்காரர் தூக்கம் போயிற்று என்று இரண்டு தடவை சண்டைக்கு வந்துவிட்டார் என்றும் மாப்பிள்ளை சொன்னார். பிறகு அவருடைய பட்டியிலிருந்தும் பன்னிரண்டு வெள்ளாடுகளை இங்கேயே கொண்டு வந்து அடைத்துக்கொள்ள அனுமதி கேட்டாராம்.